கதவடைச்ச கரை: மன்னார் விலகியிருந்த காலங்கள்

2020 மார்ச் 20ஆம் திகதியிலிருந்து ஒரு கிழமையை 'வீட்டிலிருந்தே வேலை செய்யும் வாரம்' என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அந்த முதல்நாள் பின்னேரம் ஆறு மணிக்கே நாடு முழுக்க ஊரடங்கு. கொழும்புக் கந்தோர்களுக்கு இந்தச் சொல் விளங்கியிருக்கும். மன்னாருக்கு அது ஒரு பகிடியாத்தான் வந்து சேர்ந்தது. "அப்ப வள்ளத்தை இழுத்துக்கொண்டு வந்து முத்தத்தில விடுவமோ?" எண்டு பேசாலைப் பக்கம் கேட்டவை. மீன் என்ன, வீட்டடிக்கு வந்தா பிடிபடப்போகுது?

எங்கட வட்டத்தில் அப்போது மூன்று விதமான ஆக்கள் இருந்தோம். கொழும்பில் போர்டிங் அறைக்குள் மாட்டுப்பட்டவர்கள், கடைசி பஸ்ஸில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மன்னாருக்கு ஓடி வந்தவர்கள், வேலையே இல்லாமல் போனவர்கள். ஞாயிறு இரவுகளில் சூமில் சந்தித்தோம். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை வெக்கை, இடையில் அறுந்துபோற சிக்னல், கம்பனி மீற்றிங்குக்கு நடுவில் மன்னார்க் கழுதை ஒன்று கத்த, "அது என்ன சத்தம்?" எண்டு மனேஜர் கேக்கிறது எல்லாம் நடந்தது. (ஊரடங்கு காலத்தில் மன்னார் ரோட்டுகள் முழுக்கக் கழுதைகளின் ஆட்சிதான். அதுகளுக்குப் பாஸ் தேவைப்படேல்லை.) அந்த அழைப்புகளில் ஒருநாள் ஒருத்தி கேட்டாள்: "இதுக்கு முதல் இந்தக் கரையில நோய்க்குப் பயந்து ஆக்களைப் பிரிச்சு வைக்கேல்லையா? அப்ப அவையள் எப்பிடிக் கதைச்சவை?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிடைத்ததை எல்லாம் வாசிக்கத் தொடங்கினோம்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். அரசாங்கம் அறிவிக்க முன்னமே இந்தக் கரையில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் இருந்தார்கள். முற்றத்தில் கருவாடு காயப்போட்டுத் திருப்பிவிடுகிற பெண்கள், திண்ணையில் இருந்து வலை பொத்துறவை, பனையோலை பின்னுகிறவர்கள், பாய் இழைக்கிறவர்கள். இதை ஒருத்தரும் வேலை என்று சொன்னதில்லை. "அவ வீட்டில சும்மாதான் இருக்கிறா" என்பதுதான் வழக்கம். லப்டொப்போடு ஒரு பொடியன் வந்து அறைக்குள் கதவைச் சாத்தியதும் "தம்பி வேலை செய்யுறான், சத்தம் போடாதைங்கோ" என்று முழு வீடும் அடங்கியது. அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தவ யாரென்று கேட்கத் தேவையில்லை. கருவாட்டுக் கூடையை வைத்துவிட்டுத்தான் அவ போய் வந்தா.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

மன்னார்க் குடாவில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக்கு எதிரே கடலுக்குள் முத்துச்சிப்பிகள் படிந்த பார்கள் உண்டு. சிப்பி விளைந்திருக்கிற வருடங்களில், கடல் அமைதியாக இருக்கிற மாசி, பங்குனி, சித்திரைக் காலத்தில்தான் முத்துக்குளிப்பு. மற்ற நாளில் வெறும் மணலும் உடைமரமுமாகக் கிடக்கிற இடத்தில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணம் எழும்பும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் வருவார்கள். செட்டியார்களும் மரைக்காயர்களும் மற்ற வியாபாரிகளும் வருவார்கள். பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி, தபால் தந்திக் கந்தோர் எல்லாம் அந்த மணலில் வந்து குந்தும். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் அள்ளப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கு மேல். அள்ளியதில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு சுழியோடிக்கு.

இவ்வளவு சனம், கொஞ்ச நல்ல தண்ணி, வெயிலில் குவியல் குவியலாக அழுகுகிற சிப்பி, மேலே இலையான் கூட்டம். வாந்திபேதி வர இதைவிட வேற என்ன வேணும்? அது முகாமுக்குள் தலைகாட்டினால் சனம் ஒரே இரவில் வள்ளம் ஏறிப் போய்விடும் என்ற பயம் ஒவ்வொரு வருடமும் அதிகாரிகளுக்கு இருந்தது. அதனால் முகாமின் சுகாதார ஒழுங்குகள் எல்லாம் கடுமை. ஆளைக் காக்கவா, வருமானத்தைக் காக்கவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். ஆனால் எது முதல் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

முத்துக்குளிப்பில் எங்களைப் பிடித்து நிறுத்தியது முத்து இல்லை, கயிறு. சுழியோடி ஒரு கல்லின் பாரத்தில் அடிக்குப் போவான். வள்ளத்தில் ஒருவர் அவனுடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தால் மேலே தூக்கவேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் இருவருக்கும் இடையில் உள்ள ஒரே பேச்சு அந்த இழுப்புத்தான். கயிற்றை மச்சான்தான் பிடிப்பான், தங்கச்சி தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று எங்கட கரையிலும் எதிர்க்கரையிலும் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ தெரியாது, நம்பிக்கை உண்மை.

1906 முத்துக்குளிப்புக்கு மரிச்சுக்கட்டியில் கடமைக்கு நின்ற வெள்ளைக்கார அதிகாரிகளில் 25 வயதான லெனார்ட் வூல்ஃப் ஒருவர். பிறகு வர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்றும் 'காட்டிலுள்ள கிராமம்' நாவலை எழுதியவர் என்றும் உலகம் அறிந்த அதே ஆள். யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்தவர். இலங்கையில் இருந்த காலம் முழுக்க இங்கிலாந்தில் இருந்த தன் சிநேகிதன் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு கடிதம் கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கு, பதில் வர இன்னும் அவ்வளவு. கூட்டாளிகளை விட்டுத் தூரத்தில் வேலை, தனிமை, புலம்பல், பகிடி, வாசித்த புத்தகம் பற்றிய அலட்டல் எல்லாம் அந்தக் கடிதங்களில் உண்டு. எங்கட சூம் அழைப்புகளுக்கு அவரை ஒரு மூத்த உறவாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னான். இன்னொருத்தி உடனே மறித்தாள்: "அதே முகாமில சிப்பி அள்ளின சுழியோடிகள் எழுதின கடிதம் எங்க?" இல்லை. எழுத்து அவர்களிடம் பெரும்பாலும் இருக்கவில்லை, இருந்தாலும் அதைப் பத்திரப்படுத்த ஒரு நூலகமும் காத்திருக்கவில்லை. இந்தக் கரையின் தனிமை பற்றி எங்களுக்குக் கிடைப்பதில் அதிகம் மேசையில் இருந்தவர்கள் எழுதியது. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை வாசிக்கவேண்டும்.

மேசை இல்லாதவர்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னமே மன்னார் வழியாக நடக்கத் தொடங்கிவிட்டார்கள். 1830கள், 40களில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருக, இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கங்களிலிருந்து சனம் தோணியில் கடல் தாண்டி மன்னாரில் இறங்கியது. அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடை. கிட்டத்தட்ட 150 மைல், பாதிக்கு மேல் காடு. தண்ணி இல்லாத இடம், காய்ச்சல், வாந்திபேதி. வழியில் செத்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பிறகுதான் வழியில் கிணறுகளும் தங்குமடங்களும் வந்தன. வாந்திபேதியும் அம்மையும் கொண்டுவருகிறவர்கள் என்று வழியோரக் கிராமங்கள் இவர்களைக் கண்டு ஒதுங்கின. கூட்டத்தில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் விட்டுவிட்டு நடக்கவேண்டிய நிலைமை. இடைவெளி பேணுதல் என்று 2020இல் சுவரொட்டி அடித்தார்கள். அந்தப் பாதையில் அதை ஒருத்தரும் அடித்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

இந்தியாவில் கொள்ளைநோய் பரவிய 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் இந்த வடபாதையே அடைக்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்பு, அங்கிருந்து றாகம முகாம், பிறகு தோட்டம் என்று வழி மாறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்குப் போகிறவரின் கழுத்தில் ஒரு தகரத் தகடு கட்டுகிற முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பது அதில் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் ரயில் ஏற்றும், சோறு போடும், செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதும். ஊரில் விட்டுவந்த தாய்க்குச் செய்தி அனுப்ப அந்தத் தகடு உதவாது. அதற்குக் கங்காணியைத்தான் நம்பவேண்டும். ஆள் சேர்க்க ஊருக்குப் போகிற கங்காணிதான் சேதி கொண்டுபோவான், காசு கொண்டுபோவான், திரும்பி வரும்போது மருமகனையும் மச்சானையும் கூட்டி வருவான். கடன்காரனும் தபால்காரனும் ஒரே ஆள். வேலையையும் உறவையும் ஒரே கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

1914 பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் கடலைத் தாண்டக் கப்பல், தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். 'போட் மெயில்' என்று அதற்குப் பேர் வந்தது. மன்னார்த் தீவின் வாழ்க்கையை இதைப்போல் மாற்றியது வேறொன்றில்லை. மெட்ராசில் போட்ட கடிதம் தலைமன்னார் வழியாகக் கொழும்புக்குப் போனது. படிக்கப் போன பிள்ளை, கோயிலுக்குப் போன கிழவி, புடவை வாங்கப் போன வியாபாரி, எல்லாருக்கும் அதுதான் வாசல்.

அந்த வாசலுக்கு முன்னால் மண்டபத்தில் ஒரு முகாம் போட்டார்கள். மண்டபம் இந்திய மண், முகாமை நடத்தியது இலங்கைத் தரப்பு. தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே சில நாள் தங்கி, குளித்து, துணி அவித்து, அம்மைப்பால் குத்தி, வருத்தம் இல்லை என்று உறுதியான பிறகுதான் கப்பல் ஏறலாம். மூன்றாம் வகுப்பில் வந்த மற்றப் பயணிகளுக்கும் தடுத்து வைப்பு உண்டு. முதலாம், இரண்டாம் வகுப்புக்காரருக்கு அப்படி இல்லை. ஒரு அனுமதிச்சீட்டோடு நேரே போகலாம், போன இடத்தில் வைத்தியரிடம் காட்டினால் போதும். அதாவது வீட்டில் இருந்து தனிமைப்படுகிற சலுகை. எங்கட வாசிப்பில் நாங்கள் அதிகம் நேரம் நின்றது இந்த இடத்தில்தான். ஒரே கப்பல், ஒரே நோய், ஒரே சட்டம். ஆனால் ஒருவருக்கு முகாம், ஒருவருக்குச் சீட்டு. 2020இல் 'வீட்டிலிருந்தே வேலை' என்ற சொல் வந்து விழுந்தபோது அதுவும் அப்படி ஒரு சீட்டுத்தான். எங்களில் சிலர் கையில் அது இருந்தது, எங்கட அண்ணன்மாரில் பலர் கையில் இல்லை.

முகாம் இருந்தும் 1918இல் நோய் வந்தது. உலகம் முழுக்கப் பரவிய இன்புளுவென்சா இலங்கைக்குள் நுழைந்த வழிகளைத் தேடிய ஆய்வாளர்கள் இரண்டு வாசல்களைச் சொல்கிறார்கள்: ஒன்று கொழும்புத் துறைமுகம், மற்றது தலைமன்னார். அந்தப் பெருநோயால் தீவு இழந்த சனத்தொகை 3 லட்சத்தைத் தாண்டும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அது அன்றைய சனத்தொகையில் ஏறத்தாழ 7 வீதம். வாசல் திறந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. கடிதம் வந்த அதே கப்பலில்தான் காய்ச்சலும் வந்தது. மன்னாரில் அந்த வருடம் வீடுகளுக்குள் என்ன நடந்தது, ஆர் ஆருக்குக் கஞ்சி கொண்டுபோய்ப் படலையில் வைத்தவை என்று எழுதப்பட்ட ஒன்றும் எங்கள் கையில் சிக்கவில்லை. எங்கட பாட்டிமாரின் பாட்டிமாருக்குத் தெரிந்திருக்கும். கேட்கிற வயதில் நாங்கள் பிறக்கவில்லை.

1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம். மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று காகிதத்தில் பிரித்தார்கள். அந்த வருடம் டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. பிறகு வருடக்கணக்காக மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர். ஸ்டேஷன்களில் ஏறுகிறவையும் நிக்கிறவையும் சேர்ந்து அழுத அழுகையால் வந்த பேர். இறங்கிய பிறகு மறுபடியும் அதே மண்டபம் முகாம். நோய்க்காகக் கட்டிய கட்டடம் இப்போது குடியுரிமைக்காக.

போனவர்களும் நின்றவர்களும் பிறகு எப்படிக் கதைத்தார்கள்? கடிதம், ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. இன்னொன்று வானொலி. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தென்தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்னால் பேர்களும் ஊர்களும் வாசிப்பார்கள். தெரிந்த பேர் ஒன்று காதில் விழுந்தால் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார், பாட்டுக் கேட்கிற மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். கயிற்றில் ஒரு இழுப்பு மாதிரி. பதில் சொல்லத் தேவையில்லை.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது, தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலமும் உடைந்தது. அந்த வருடம் அகதிகளுக்காக மடுவிலும் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் நிறுவனம் முகாம்களைத் திறந்தது. ஆயிரக்கணக்கானோர் இரவில் வள்ளமேறி இராமேசுவரம் போனார்கள். அங்கேயும் மண்டபம் முகாம்தான். அதே வருடம் ஒக்ரோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் சனம் கையில் எடுத்ததோடு கடல்வழியே கற்பிட்டிக்குப் போய் இறங்கியது. வடமாகாணம் முழுக்கப் போனவர்கள் சுமார் 75,000 பேர். இதைத் தமிழராகிய நாங்கள் எழுதும்போது 'யுத்தத்தால் இடம்பெயர்ந்தார்கள்' என்று மழுப்பி எழுதுவது வழக்கமாகிவிட்டது. யுத்தம் துரத்தவில்லை, ஆள் வந்து சொல்லித் துரத்தினது.

புத்தளத்தில் அவர்கள் பழைய ஊர்ப் பேரையே புதுக் குடியிருப்புகளுக்கு வைத்தார்கள். 2009க்குப் பிறகு சிலர் திரும்பினார்கள், பலர் பாதி அங்கே பாதி இங்கே. உம்மா புத்தளத்தில், வாப்பா மன்னாரில் வள்ளத்தோடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, காணி உறுதி இங்கே. 2020இல் புத்தளம் அபாய வலயங்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டு ஊரடங்கு நீண்டபோது, மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தடை வந்தபோது, முப்பது வருடம் பஸ்ஸால் ஒட்டி வைத்திருந்த குடும்பங்கள் மறுபடி பிரிந்தன. நோன்பும் பெருநாளும் அப்படியே போனது. நோயால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. 2021 பெப்ரவரி வரை அது நீங்கவில்லை. நீங்கிய கையோடு, அடக்கம் செய்ய எங்கட கடலில் இருக்கிற இரணைதீவைத் தேர்ந்தார்கள். கடற்படை பிடித்து வைத்திருந்த அந்தத் தீவுக்கு அதன் சனம் 2018இல்தான் திரும்பியிருந்தது. அவர்கள் எதிர்த்தார்கள், கடைசியில் ஓட்டமாவடியில் இடம் கொடுக்கப்பட்டது. ஒரு மையத்துக்குத் தோள் கொடுக்கிற உரிமையைப் பறித்துவிட்டு 'தொடர்பில் இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்' என்று குறுஞ்செய்தி அனுப்புவது எப்படி என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

இவ்வளவும் வாசித்த பிறகு 2020 எங்களுக்கு வேறுமாதிரித் தெரியத் தொடங்கியது. கொழும்புச் சிநேகிதர்கள் "முதல்தரம் சூமில ஒரு செத்தவீடு பார்த்தன்" என்று அதிர்ந்து சொன்னபோது எங்கட வீடுகளில் ஒருத்தரும் அதிரவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற பிள்ளைகளுக்காகச் செத்தவீட்டை நேரலையில் காட்டுகிறது இங்கே அதற்குப் பல வருடம் முன்னமே வந்துவிட்டது. கலியாணமும் அப்படித்தான், பிறந்தநாளும் அப்படித்தான். கமராக்காரர் எந்தப் பக்கம் நிற்கவேண்டும், வெளிநாட்டு மகனின் பேரை எப்ப சொல்லவேண்டும் என்பதெல்லாம் எங்கட அம்மாமாருக்குப் பழக்கம். வைபர், இமோ, வட்ஸ்அப் மூன்றிலும் எது எந்த நேரத்தில் நல்லாக் கேக்கும் என்று சொல்லுவினம். தூரத்தில் இருந்து உறவு வைப்பது எப்படி என்று இந்தக் கரைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பழக்கமில்லாதது, பக்கத்து வீட்டுக்கும் போகாமல் இருக்கிறதுதான்.

அது உண்மையாகவே வலித்தது. தவக்காலத்தில் பேசாலையில் நடக்கிற உடக்குப் பாஸ் ஒரு ஊரே சேர்ந்து செய்கிற காரியம். அந்த உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12, கோயில்கள் பூட்டிக் கிடந்தன, பூசை போனில் ஓடியது. அம்மாமார் போனைச் சுருவத்துக்குப் பக்கத்தில் சாத்திவைத்து முழந்தாளில் நின்றார்கள். மடுத் திருவிழாவும் அந்த வருடம் வழமைபோல் இல்லை. மாட்டுவண்டியும் கூடாரமும் போட்டுக் காட்டுக்குள் கிழமைக்கணக்கில் தங்குகிற சனத்துக்குத் திருவிழா என்பது பாதி மாதா, பாதி சொந்தக்காரர். எத்தனையோ கலியாணம் அங்கே கதைபட்டதுதான்.

மீன்பிடிக்கு ஊரடங்கிலும் அனுமதி இருந்தது. ஆனால் நண்டும் கணவாயும் வெளிநாட்டுக்குப் போகாவிட்டால், கொழும்புக்கு ஐஸ் லொறி ஓடாவிட்டால், பிடித்ததை என்ன செய்வது? பங்கு போட்டார்கள். துறையில் விற்காத மீன் படலைகளில் தொங்கியது. அரிசி கொடுத்து மீன் வாங்கிய வீடுகளும் உண்டு. ஒக்ரோபரில் பேலியகொடை மீன்சந்தையில் நோய் வெடித்தபோது கரையோரச் சனம் மறுபடி சந்தேகத்துக்கு ஆளானது. 'மீன்காரர்' என்ற சொல் கொஞ்ச நாளைக்கு ஒரு வருத்தத்தின் பேர் ஆகிவிட்டது. வடபாதையில் நடந்தவர்களைப் பற்றி வாசித்தது அப்போது எங்கட ஞாபகத்துக்கு வந்தது.

எங்கட ஞாயிறு அழைப்புகள் பற்றி ஒரு வார்த்தை. முதல் மாதம் முப்பது பேர் வந்தோம். எல்லோரும் கமரா போட்டு, பாட்டுப் பாடி, 'அந்தாக்ஷரி' வைத்து. ஆடியில் எட்டுப் பேர். வேலைக்கும் சூம், ரியூசனுக்கும் சூம், சிநேகிதத்துக்கும் சூம் என்றால் மனிசர் களைத்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம். டேட்டா இன்னொரு காரணம். ஒரு போனில் மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டில், ரீலோட் போடுகிற காசில் அண்ணனின் சூமுக்கு இடம் இல்லை. கடைசியில் பிழைத்தது குரல் செய்திதான். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். நேரம் கிடைக்கும்போது அனுப்பலாம், சிக்னல் வரும்போது கேட்கலாம், பதில் உடனே தேவையில்லை. வலை பொத்துகிற கையாலும் கருவாடு திருப்புகிற கையாலும் எழுதமுடியாது, கதைக்கலாம். குழுவில் வருடக்கணக்கில் வாயே திறக்காத இரண்டு பேர் அந்தக் கோடையில்தான் கதைக்கத் தொடங்கினார்கள். இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். இந்தக் கட்டுரையில் கடலைப் பற்றி நாங்கள் எழுதியதைத் திருத்தித் தந்ததும் அவர்கள்தான்.

2022 மார்ச்சில் பொருளாதாரம் விழுந்து, பால்மாவும் எரிவாயுவும் இல்லாமல் போனபோது, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் சனம் மறுபடி வள்ளமேறியது. கைக்குழந்தைகளோடு போய்ச் சேர்ந்தவர்களை அங்கே தங்கவைத்த இடம் மண்டபம் முகாம். நூறு வருடத்துக்கு முன்னர் மூன்றாம் வகுப்புக்காரர் குளித்து, துணி அவித்து, கப்பலுக்குக் காத்துக் கிடந்த அதே இடம்.

எங்களில் ஒருத்தியின் பெரியம்மா 1990இல் போனவா, இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறா. இப்பவும் குரல் செய்தி அனுப்புவா. சுகம் விசாரிக்க முதல் கேக்கிறது, சோளகம் எழும்பிட்டுதா, கடல் எப்பிடி இருக்குது எண்டுதான்.